நாற்பதாவது குழந்தை

அங்கன்வாடி பற்றிப் பேச்சு வந்தால் படித்த நண்பர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "அதான் எல்லாருக்கும் இருக்கே, வருமானச் சான்றிதழ்கூடக் கேக்க மாட்டாங்களே." சரிதான். நம்ம ஊரில் வருமான வரம்பு, சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டின் நிறம் எதுவும் இல்லாமல் கிடைக்கும் அரசு உதவிகள் மிகக் குறைவு. அந்தக் குறைவான பட்டியலில் அங்கன்வாடி உண்டு. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு உள்ளூர் அங்கன்வாடி வழியாக இலவச உணவு என்று உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது.

நான் பேச வந்தது இந்தப் பெருமைக்கு அடியில் இருக்கிற ஒரு ஓட்டையைப் பற்றி. குழந்தைக்குத் தகுதி கேட்பதில்லை, உண்மை. ஆனால் ஊருக்குத் தகுதி கேட்கிறார்கள். ஊர் தேறாவிட்டால் குழந்தையின் உரிமை காகிதத்தில் இருக்கும், மையம் இருக்காது. இது எப்படி நடக்கிறது என்பதை ஜவ்வாது மலையை வைத்துப் பார்ப்பதுதான் வசதி. சமவெளியில் இந்த ஓட்டை கண்ணுக்கே தெரியாது.

தலை எண்ணும் விதி

மத்திய அரசின் விதி இப்படி. சமவெளியில் 400 முதல் 800 பேர் வரையுள்ள குடியிருப்புக்கு ஒரு அங்கன்வாடி. பழங்குடிப் பகுதி, மலைப்பகுதி, ஆற்றுப்படுகை, பாலைவனம் போன்ற கடினமான இடங்களுக்குச் சலுகை உண்டு: 300 முதல் 800 பேருக்கு ஒன்று. 150 முதல் 300 பேர் என்றால் குறு அங்கன்வாடி. ஒரு காலத்தில் இந்த எண்கள் இன்னும் பெரியவை. சமவெளிக்கு 1000, பழங்குடிப் பகுதிக்கு 700. ஆக, விதி தளர்ந்துகொண்டுதான் வந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை.

தளர்ந்ததற்குக் காரணம் உச்ச நீதிமன்றம். மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001-ல் தொடுத்த உணவுரிமை வழக்கில், 2006 டிசம்பர் 13 அன்று வந்த உத்தரவு முக்கியமானது. 2008 டிசம்பருக்குள் நாட்டில் குறைந்தது 14 லட்சம் அங்கன்வாடிகள் இயங்க வேண்டும். மையம் இல்லாத குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்து மக்கள் கேட்டால் மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். "கேட்டால் அங்கன்வாடி" என்று செயல்பாட்டாளர்கள் கொண்டாடிய உத்தரவு. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த 40 என்ற எண்ணை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்ப்போம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை 7.21 கோடி. அதில் 0–6 வயதுக் குழந்தைகள் 74.2 லட்சம், அதாவது 10.3 சதவீதம். இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கணும். கணக்கெடுப்பின் 0–6 என்பது ஏழு வயது நிறையாத எல்லாரும், மொத்தம் ஏழு ஆண்டுக் குழந்தைகள். அங்கன்வாடிக்கு உரியவர்கள் ஆறு வயது நிறையாதவர்கள். ஏழில் ஆறு பங்கு எடுத்தால் சுமார் 8.8 சதவீதம். அந்த விகிதத்தில் 40 குழந்தைகள் இருக்க வேண்டுமென்றால் ஊரில் 450 பேர் வேண்டும். பழங்குடிப் பகுதிகளில் பிறப்பு விகிதம் சற்று அதிகம் என்று தாராளமாக 12 சதவீதம் போட்டாலும் 330 பேர் வேண்டும்.

அதாவது, "கேட்டால் அங்கன்வாடி" என்பது சாதாரண விதியில் ஏற்கெனவே தேறிவிடுகிற ஊருக்குத்தான் கிடைக்கிறது. 140 பேர் வாழும் ஒரு குக்கிராமத்தில், மாநிலச் சராசரிப்படி பார்த்தாலே பன்னிரண்டு குழந்தைகள் இருப்பார்கள். அந்த ஊர் சாதாரண விதியிலும் தேறாது, குறு அங்கன்வாடி விதியிலும் தேறாது, நீதிமன்ற உத்தரவிலும் தேறாது. பன்னிரண்டு பேரும் தனித்தனியே தகுதியுள்ளவர்கள். பன்னிரண்டு பேரும் சேர்ந்தால் தகுதியில்லாதவர்கள்.

எந்த ஊர் ஊர்?

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. தரவுத்தளத்தில் தவறான நெடுவரிசையை வைத்துத் தொகுத்துவிட்டால், எண்ணெல்லாம் சரியாக இருக்கும், விடை மட்டும் தப்பாக வரும். ஜவ்வாது மலையில் நடப்பது அதுதான்.

இந்த மலைத்தொடர் ஒன்றுதான், நிர்வாகம் மூன்று. ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவ்வாது மலை ஒன்றியம் திருவண்ணாமலை மாவட்டம். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு பக்கம் திருப்பத்தூர் மாவட்டம். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு வேலூர் மாவட்டம். 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரியும்வரை இரண்டு மாவட்டமாக இருந்தது. வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்தோடு சம்பந்தம் இல்லாதவர்கள். மலையை ஆளுபவர் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இவர்கள்தான் எண்ணிக்கையில் முதலிடம். 2011 கணக்கில் மாநிலத்தின் 7,94,697 பழங்குடிகளில் 3,57,980 பேர் மலையாளிகள், ஏறத்தாழ 45 சதவீதம்.

மலையில் ஊர் என்பது தெருவும் தெருமுனையுமாக இருக்காது. சாமையும் தினையும் விதைக்கும் நிலத்தை ஒட்டிப் பத்து வீடு, ஒரு ஓடை தாண்டி இருபது வீடு, சரிவுக்கு மேலே இன்னும் ஐந்து வீடு. கொல்லை என்று முடிகிற ஊர்ப்பெயர்களைப் பார்த்தாலே புரியும், கொல்லையை ஒட்டி வளர்ந்த குடியிருப்புகள் இவை. ஆனால் வருவாய்த் துறையின் கிராமம் இப்படிப்பட்ட பல குடியிருப்புகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. கணக்கெடுப்பு அந்த மூட்டைக்குத்தான் எண் தருகிறது.

மூட்டையாக எண்ணினால் ஆயிரம் பேர், ஒன்றிரண்டு மையம் கொடுத்தாச்சு, கடமை முடிந்தது. குடியிருப்பாக எண்ணினால் ஒவ்வொன்றும் நூறு, நூற்றைம்பது, எதுவும் தேறாது. இரண்டு வழியிலும் கோப்பு சரியாக இருக்கும். கோப்பில் இல்லாதது தூரம் மட்டும்தான்.

இரண்டு முறை ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போயிருக்கிறேன். பேரக்குழந்தைகள் இருவரை வைத்திருந்த ஒரு பாட்டியிடம் மையம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். கிலோமீட்டரில் பதில் வரவில்லை. "சின்னதைத் தூக்கிக்கிட்டு, பெரியதை நடக்கவெச்சு, ஓடை தாண்டணும் சார். மழைன்னா விட்டுருவோம்" என்றார். மலையில் தூரத்தின் அலகு அதுதான். மூன்று வயதுக் குழந்தையின் கால், மழைக்கால ஓடை. பாதையில்லாத மலையில் தூரம் என்ன செய்யும் என்பதை 2023 மே மாதம் நாடே பார்த்தது. அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலைக் குக்கிராமத்தில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, வண்டி போக முடியாத பாதையில் தாய் கையில் சுமந்து நடந்தார். அங்கன்வாடி விஷயத்தில் தூரம் இப்படிச் செய்தியாகாது. குழந்தை மெதுவாக எடை குறையும், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல், எண்ணும் ஆண்டு. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கான தேதி 2027 மார்ச் 1. அதுவரை கையில் இருப்பது 2011. அந்தக் கணக்கெடுப்பில் கைக்குழந்தையாக எண்ணப்பட்டவர் இன்று உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறார். அவரை வைத்து இன்றைய கைக்குழந்தைக்கு மையம் முடிவு செய்கிறோம்.

பழங்குடிகளுக்கென்று வந்த புதிய திட்டங்களிலும் இதே அலகுப் பிரச்சினைதான். 2023 நவம்பரில் தொடங்கிய பிஎம் ஜன்மன் திட்டத்தில் 2,500 அங்கன்வாடிகள் கட்ட இலக்கு உண்டு. ஆனால் அது நலிவுற்ற பழங்குடிக் குழுக்கள் 75-க்கு மட்டும். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு குழுக்கள். மலையாளிகள் பட்டியலில் இல்லை. 2024 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தர்தி ஆபா திட்டம் எல்லாப் பழங்குடிகளுக்கும் உரியது. ஆனால் கிராமத்தில் 500 பேர் இருக்க வேண்டும், அதில் பாதியாவது பழங்குடியாக இருக்க வேண்டும் என்று விதி. முன்னேற விழையும் மாவட்டம் என்றால் 50 பழங்குடிகள் போதும். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை விருதுநகரும் இராமநாதபுரமும். ஜவ்வாது மலையைத் தொடும் மூன்று மாவட்டங்களும் இல்லை.

எட்டு ரூபாய்

சரி, இப்போ பணத்துக்கு வருவோம்.

அங்கன்வாடிக் குழந்தையின் உணவுக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய், கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைக்கு 12 ரூபாய், கர்ப்பிணி, பாலூட்டும் தாய்க்கு 9.50 ரூபாய். இது 2017 அக்டோபரில் நிர்ணயித்தது. ஆண்டுக்கு 300 நாள். செலவில் மத்திய அரசு பாதி, மாநிலம் பாதி. இந்த எட்டு ரூபாய்க்குள் 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் வர வேண்டும். ஒரு முட்டையே ஐந்தாறு ரூபாய் விற்கும் காலத்தில், எட்டு ரூபாயில் புரதக் கணக்கு எப்படி முடியும் என்று வீட்டில் சமைப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தமிழ்நாடு தன் பங்குக்கு மேல் போட்டுத்தான் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வாரம் மூன்று முட்டை கொடுக்கிறது.

இதைப் பள்ளி மதிய உணவோடு ஒப்பிட்டால்தான் விஷயம் உறைக்கும். தொடக்கப்பள்ளிக் குழந்தையின் சமையல் பொருள் செலவு 2017-ல் 4.13 ரூபாய். பிறகு படிப்படியாக உயர்ந்து 2022-ல் 5.45, 2024 டிசம்பரில் 6.19, 2025 மே மாதத்தில் 6.78. எட்டு ஆண்டில் 64 சதவீத உயர்வு. (அரிசி தனியாக வருவதால் இரண்டு தொகையையும் நேராக ஒப்பிடக்கூடாது, உயர்ந்த வேகத்தை ஒப்பிடலாம்.) அங்கன்வாடியின் 8 ரூபாயோ ஏழாண்டுக்கு மேல் அசையவில்லை. உயர்த்தப்படும் என்ற அறிவிப்பே 2025 பிப்ரவரி பட்ஜெட் உரையில்தான் வந்தது.

மொத்தத் தொகையையும் பார்ப்போம். சக்ஷம் அங்கன்வாடி, போஷன் 2.0 திட்டத்துக்கு மத்திய பட்ஜெட் 2021-22-ல் 20,105 கோடி ரூபாய். 2025-26-ல் 21,960 கோடி. நான்கு ஆண்டில் 9 சதவீத உயர்வு, விலைவாசி உயர்வைவிடக் குறைவு. எட்டு கோடிக் குழந்தைகள், ஒரு கோடித் தாய்மார்கள், 20 லட்சம் வளரிளம் பெண்கள் என்று அதே பட்ஜெட் உரை சொல்கிறது. வகுத்தால் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 2,390 ரூபாய், ஒரு நாளைக்கு ஆறரை ரூபாய். உணவு, ஊழியர் மதிப்பூதியத்தில் மத்தியப் பங்கு, கட்டடம், கைபேசி எல்லாம் இதற்குள்.

இந்தக் கையளவுப் பணத்தில் 2022 வழிகாட்டு நெறிகள் எதற்கு முக்கியத்துவம் கொடுத்தன? இரண்டு லட்சம் மையங்களை ஆண்டுக்கு 40,000 வீதம் சக்ஷம் மையங்களாக்கி எல்இடி திரை, குடிநீர் சுத்திகரிப்பான் வைப்பதற்கு. இருக்கிற மையத்தை நல்லதாக்குவது தப்பில்லை. ஆனால் இல்லாத மையத்துக்கு அந்த நெறிகளில் இடமில்லை. 2006-ல் நீதிமன்றம் "குறைந்தது" என்று சொன்ன 14 லட்சம் நடைமுறையில் "அதிகபட்சம்" ஆகிவிட்டது. இன்றும் நாட்டில் இயங்கும் மையங்கள் 14 லட்சத்தை ஒட்டித்தான் நிற்கின்றன.

மூன்று வயதுக்கு முன்னால்

இதெல்லாம் உணவு. பராமரிப்பு என்று வந்தால் ஓட்டை இன்னும் பெரிது.

ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை அங்கன்வாடி கொடுப்பது சத்துமாவுப் பொட்டலம். குழந்தையைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்வது மூன்றுக்கு மேல்தான், தமிழ்நாட்டில் பழக்கத்தால் இரண்டுக்கு மேல். இந்தப் பிளவு நம்மிடம் பழையது. 1980-ல் உலக வங்கிக் கடனுடன் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ளவர்களை மாதாமாதம் எடை போட்டு, வளர்ச்சி தடுமாறிய குழந்தைக்கு மட்டும் துணை உணவு கொடுத்தது. 1982 ஜூலை 1-ல் எம்ஜிஆர் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக்கு மேற்பட்ட கிராமப்புறக் குழந்தைகளுக்கு எடை பார்க்காமல் சோறு போட்டது. வல்லுநர்கள் முதலாவதைச் சிக்கனம் என்று பாராட்டினார்கள், இரண்டாவதை ஓட்டு அரசியல் என்றார்கள். மக்கள் எதை வைத்துக்கொண்டார்கள் என்பது தெரிந்த கதை. நிபந்தனை இல்லாத திட்டம் வேர் பிடித்தது. ஆனால் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை அம்மாவின் இடுப்பிலேயே விட்டுவிட்டோம்.

அந்த அம்மா சாமை களையெடுக்கப் போவார், புளி, தேன் சேகரிக்கக் காட்டுக்குப் போவார், குடகுக் காப்பித் தோட்டத்துக்கு மாதக்கணக்கில் வேலைக்குப் போவார். குழந்தை பாட்டியிடம், இல்லை பள்ளிக்குப் போக வேண்டிய அக்காவிடம் இருக்கும். ஒரு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பெண்பிள்ளை, இடைநின்ற மாணவி என்று வேறொரு துறையின் பட்டியலில் வருவாள்.

காப்பகத்துக்கும் விதிகள் இருக்கின்றன. 2017 மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்றது. நான் வேலை செய்யும் மாதிரியான அலுவலகங்களில் பிள்ளையை விட்டுவிட்டு மேலே போகும் வசதி அப்படி வந்ததுதான். 2005 வேலை உறுதிச் சட்டம் வேலைத்தளத்துக்கு ஐந்து வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள நிறுத்தச் சொன்னது. தேசியக் காப்பகத் திட்டம் ஒரு காப்பகத்துக்கு 25 குழந்தைகள் என்று கணக்கிட்டது. 2022-ல் அது பால்னா என்று பெயர் மாறி, 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகத்தோடு சேர்க்கும் இலக்கானது. 50, 5, 25, 40, 150, 300. ஒவ்வொரு எண்ணும் ஒரு கதவு. சொந்தக் கொல்லையில் வேலை செய்யும் மலையாளிப் பெண் இதில் எந்தக் கதவிலும் நுழைய முடியாது.

பணக்கார நாடுகளிலும் இந்த நோய் வேறு வடிவில் உண்டு. இங்கிலாந்தில் வாரம் 30 மணி நேர இலவசப் பராமரிப்பு ஒன்பது மாதக் குழந்தை முதல் கிடைக்கிறது, ஆனால் பெற்றோர் இருவரும் வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்சக் கூலி அளவாவது சம்பாதிக்க வேண்டும். வேலையில்லாத தாயின் குழந்தை வெளியே. அங்கே தகுதி பெற்றோரின் சம்பளத்தில் இருக்கிறது, இங்கே ஊரின் தலைக்கணக்கில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் குழந்தையிடம் இல்லை.

இப்போது புதிதாக ஒரு கதவு. 2025 ஜூலை 1 முதல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கு முகம் அடையாளம் காணும் செயலி கட்டாயம். குழந்தைக்காகப் பதிவானவரின் முகம், பெரும்பாலும் தாயின் முகம், ஆதார் படத்தோடு பொருந்த வேண்டும். தாய் குடகில், குழந்தை பாட்டியிடம், சிக்னல் பக்கத்து மேட்டில். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: போலிப் பயனாளியைப் பிடிப்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் எந்த அடையாள முறையிலும் சில உண்மையான ஆட்கள் நிராகரிக்கப்படுவார்கள். அந்தப் பிழையின் விலையை யார் கொடுக்கிறார் என்பதுதான் வடிவமைப்பின் முதல் கேள்வி. இங்கே அதைக் கொடுப்பது ஒன்றரை வயதுக் குழந்தை. அதற்கு மேல்முறையீடு செய்யத் தெரியாது.

செலவு என்ற பதில்

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது லேசானதல்ல. பன்னிரண்டு குழந்தைக்கு ஒரு மையம் என்றால் செலவு தாங்காது என்பது. கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. ஊழியரின் மதிப்பூதியம் மத்திய விதிப்படி மாதம் 4,500 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 54,000. நாற்பது குழந்தைகள் என்றால் தலைக்கு 1,350. பன்னிரண்டு என்றால் 4,500. மூன்று மடங்குக்கு மேல்.

ஆனால் இதே அரசு இன்னொரு விஷயத்தில் தலைக்கணக்கு பார்ப்பதில்லை. வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அருணாசலப் பிரதேசத்தின் மாலோகாமில் ஒரே ஒரு வாக்காளருக்காக 2019-லும் 2024-லும் சாவடி அமைத்தார்கள். அதிகாரிகள் மலை ஏறி நடந்துபோய்ச் செய்தார்கள். எல்லாரும் பெருமைப்பட்டோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 2010 மத்திய விதிகளும் தொடக்கப்பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் என்று தூரத்தைத்தான் சொல்கின்றன. பள்ளி வைக்க முடியாத சின்னக் குடியிருப்புக்கு வாகனமோ விடுதியோ ஏற்பாடு செய்யச் சொல்கின்றன. 18 வயதுக்காரருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் தூர விதி. மூன்று பேரிலும் நடக்கவே முடியாத மூன்று வயதுக் குழந்தைக்கு மட்டும் தலை எண்ணும் விதி.

மாற்று வழியும் ஏற்கெனவே நடந்து பார்த்ததுதான். சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் நடத்திய புல்வாரிகளில், ஊர்ப் பெண் ஒருவர் பத்துக் குழந்தைகளை, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை, பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டு சமைத்துக் கொடுத்தார். பெரிய கட்டடம் கிடையாது. அம்மா வயலுக்குப் போக முடிந்தது, அக்கா பள்ளிக்குப் போக முடிந்தது. பிறகு சத்தீஸ்கர் அரசே அதைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. ஜவ்வாது மலைக்குப் பொருந்தும் வடிவம் இதுதான் என்பது என் கருத்து: தாய் மையம் பெரிய ஊரில், பத்துக் குழந்தைக்கு ஒருவர் வீதம் கிளைகள் ஓடைக்கு இந்தப் பக்கத்திலேயே.

அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். விதியில் மூன்று வரி மாற்றினால் போதும். மலைப்பகுதியில் மக்கள்தொகைக்குப் பதிலாக, நடக்கும் தூரத்தை அளவாக்குவது. 2011 கணக்கெடுப்புக்குப் பதிலாக, அங்கன்வாடி ஊழியரும் கிராம சுகாதார செவிலியரும் தாங்களே எழுதிவைத்திருக்கும் பதிவேட்டைக் கணக்காக்குவது. உணவுத் தொகையை மதிய உணவுக்குச் செய்வதுபோல விலைவாசியோடு கட்டுவது, மலைக்குச் சுமைகூலி சேர்த்து. அதோடு, முகம் பொருந்தாவிட்டால் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் விசாரிப்பது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, உரிய உணவு கிடைக்காதவருக்குப் பணமாகப் படி தரச் சொல்கிறது. மையமே இல்லாத குக்கிராமத்துக் குழந்தைக்கு அந்தப் படியைக் கணக்கிட ஆரம்பித்தால், மையம் திறப்பதே மலிவு என்று நிதித்துறைக்கே தோன்றலாம்.

மையம் திறக்க நாற்பது குழந்தைகள் வேண்டும் என்பது விதி. பன்னிரண்டு பேர் இருக்கிற ஊரில் பதின்மூன்றாவது குழந்தை பிறக்கலாம், பதினைந்தாவதும் பிறக்கலாம். நாற்பதாவது குழந்தை அந்த ஊரில் ஒருநாளும் பிறக்கப்போவதில்லை. அதற்காக முதல் பன்னிரண்டு பேரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. அவர்களுக்கு ஆறு வயது வந்துவிடும்.